காரைநகரின் பழைய பெயர் ஆம்ஸ்டர்டாம்: இங்கிலாந்து ஊர் ஏலக்கூடம் ஒன்றில் யாழ்ப்பாணத்தில் இருந்து ஏலம் கேட்ட அனுபவம்

லண்டன் ஏலம் என்றால் எங்கள் ஆட்களுக்கு உடனே ஞாபகம் வருவது சொதபிஸும் கிறிஸ்டிஸும்தான். கோடிக்கணக்கில் ஓவியம் விற்கிற இடம், அங்கே எங்களுக்கு என்ன வேலை என்று விட்டுவிடுவோம். ஆனால் இங்கிலாந்தில் சின்னப் பட்டணங்கள் பலவற்றில் ஊர் ஏலக்கூடங்கள் இருக்கின்றன. ஒரு வீட்டில் வயதானவர் இறந்துபோனால் அந்த வீட்டுச் சாமான் முழுவதையும் பிள்ளைகள் அங்கேதான் ஏற்றி விடுவார்கள். அலுமாரி, கோப்பை பீங்கான், மணிக்கூடு, கம்பளம், பெட்டி பெட்டியாகப் பழைய புத்தகம், தாத்தா சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் இருந்த காலத்தில் வாங்கிய சாமான்கள். இந்தக் கடைசி வகைக்காகத்தான் நான் இரண்டு வருடமாக அப்படியான ஒரு ஏலக்கூடத்தில் இங்கே யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே ஏலம் கேட்டு வருகிறேன். இரண்டு லொட் (ஒரு இலக்கத்தில் சேர்த்து ஏலம் விடுகிற பொருள்) எடுத்தேன், பலதைத் தவற விட்டேன். நல்லதும் நடந்தது, மனம் நொந்ததும் நடந்தது. கூடத்தின் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் குறையும் சொல்லப் போகிறேன், அதோடு நான் சொல்வதில் முக்கால்வாசி இந்த மாதிரி எந்தக் கூடத்துக்கும் பொருந்தும்.

ஏலம் எங்களுக்குப் புதிது இல்லை. பாசையூரிலும் குருநகரிலும் விடியக்காலையில் மீன் கூறுவதை, அதாவது ஏலம் விடுவதைப் பார்த்தவர்களுக்கு ஒன்றும் விளக்கத் தேவையில்லை. கோயிலில் திருவிழா முடிந்து மாம்பழமும் வாழைக்குலையும் ஏலம் போகும், வங்கியில் மீட்காத அடகு நகை ஏலம் போகும். வித்தியாசம் என்னவென்றால், கூறலில் மீன் உங்கள் காலடியில் கிடக்கிறது, செவுளைத் தூக்கிப் பார்க்கலாம். இங்கே பொருள் ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறது, உங்களிடம் இருப்பது மூன்று படமும் இரண்டு வரி விவரமும்தான். அந்த இரண்டு வரியை எழுதியவர் ஒரு கிழமைக்குள் எழுநூறு பொருளுக்கு விவரம் எழுதிய மனிதர். எங்கள் ஊர்ப் பொருள் அவர் கையில் கிடைக்கும்போது அவருக்கு அது என்னவென்று தெரிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இதில் எங்களுக்கு லாபமும் உண்டு, நட்டமும் உண்டு.

இந்த ஊர்க் கூடங்களைச் சின்ன இடம் என்று நினைக்க வேண்டாம். லண்டனில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிற ஹரோவுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டைத் துப்புரவாக்கும்போது கிடைத்த சீனச் சாடி ஒன்று, 2010 நவம்பரில் ரைஸ்லிப்பில் பெயின்பிரிட்ஜஸ் என்ற ஊர் ஏலக்கூடத்தில் ஏலத்துக்கு வந்தது. சியென்லோங் மன்னர் காலத்துச் சாடி. சுத்தியல் விழுந்தது 4 கோடியே 30 லட்சம் பவுணில், கட்டணமும் சேர்த்து 5 கோடியைத் தாண்டியது. கேட்டவர் காசைக் கட்டவே இல்லை, 2013 இல் வேறொரு ஏல நிறுவனத்தின் மூலம் தனிப்பட்ட முறையில் அதைவிடக் குறைந்த விலைக்குத்தான் போனது என்பது வேறு கதை. நான் சொல்ல வந்தது, ஒரு சாதாரண வீட்டு இறாக்கையில் இருந்து என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது, அது முதலில் வந்து இறங்குவது இந்த ஊர்க் கூடங்களில்தான்.

சரி, என் முதல் லொட்டுக்கு வருகிறேன்.

விவரத்தில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'ஒல்லாந்த வரைபடம், கிழக்கிந்தியத் தீவுகள், பதினேழாம் நூற்றாண்டு, படச்சட்டம் இல்லை, ஏ.எஃப்.' ஏ.எஃப். என்றால் பழுது உண்டு. மதிப்பீடு 40 முதல் 60 பவுண். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தீவுகளின் மேல் ஆம்ஸ்டர்டாம், லைடன், மிடில்பர்க், டெல்ஃப்ட் என்று இருந்தது. எழுதியவர் ஒல்லாந்து நகரப் பெயர்களைக் கண்டு ஜாவாப் பக்கம் எங்கேயோ என்று நினைத்திருக்கலாம். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு எங்கள் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். நெடுந்தீவு டெல்ஃப்ட், வேலணைப் பக்கம் லைடன், புங்குடுதீவு மிடில்பர்க், அனலைதீவு ரொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம். காரைநகர் ஆம்ஸ்டர்டாம். என் அம்மாவின் ஊர் காரைநகர். நெடுந்தீவை இன்றைக்கும் ஆங்கிலத்தில் டெல்ஃப்ட் என்றுதான் எழுதுகிறோம், மற்றப் பெயர்கள் எல்லாம் இப்படியான தாள்களில்தான் உயிரோடு இருக்கின்றன.

யாழ்ப்பாணத்தில் மதகுருவாக இருந்த பல்தேயுஸ் எழுதி 1672 இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான பெரிய நூல் ஒன்று இருக்கிறது, மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை மூன்றையும் பற்றியது. அந்த நூலில் யாழ்ப்பாணப்பட்டினத்தின் வரைபடம் உண்டு. என் ஊகம் இது அதில் இருந்து கழன்ற தாள் என்பது. ஆனால் ஊகத்துக்குக் காசு கட்ட முடியாது. எனவே பொருளின் நிலையைச் சொல்கிற கொண்டிஷன் ரிப்போர்ட் கேட்டு மின்னஞ்சல் போட்டேன், நான்கு கேள்வி. படத்தைச் சுற்றிச் செப்புத் தகடு அழுந்திய தடம் இருக்கிறதா? தாளை வெளிச்சத்துக்குப் பிடித்தால் கோடு கோடாகத் தெரிகிறதா? நடு மடிப்பின் முதுகில் புத்தகத்தோடு சேர்த்துத் தைத்த துண்டு ஒட்டியிருக்கிறதா? ஏ.எஃப். என்றால் பழுது எங்கே? அடுத்த நாளே ஒரு பெண் பொறுமையாகப் பதில் எழுதினார், தாளை ஜன்னலில் பிடித்து எடுத்த படத்தையும் அனுப்பினார். கோடுகள் தெரிந்தன, தகட்டுத் தடம் மூன்று பக்கம் தெளிவாக இருந்தது, நடு மடிப்பில் கீழே இரண்டு அங்குலம் கிழிந்து பின்னால் பழைய கடதாசி ஒட்டியிருந்தது. இந்த ஒரு விஷயத்தில் இந்தக் கூடத்துக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். வாங்குவேனா மாட்டேனா என்று தெரியாத, வெளிநாட்டில் இருக்கிற ஒருவனுக்கு இவ்வளவு கவனமாகப் பதில் எழுதினார்கள். ஏலத்துக்கு முதல் நாள் பின்னேரம் கேட்டால் இது கிடைக்காது. குறைந்தது மூன்று நாள் முந்திக் கேளுங்கள்.

ஏலம் அங்கே காலை 10 மணிக்குத் தொடக்கம். மாரிகாலத்தில் எங்களுக்கு அது பின்னேரம் 3.30, கோடையில் 2.30. மணிக்கு நூறு, நூற்றிப்பத்து லொட் போகும் என்று கணக்குப் போட்டால் உங்கள் லொட் எத்தனை மணிக்கு வரும் என்று கிட்டத்தட்டப் பிடித்துவிடலாம். என்னுடையது 412. இரவு ஏழேகால் என்று போட்டேன், ஏழு பத்துக்கு வந்தது. காணொளி நேரலையில் ஏலம் கூறுபவர் நிற்கிறார், கூடத்தில் பத்துப் பேர் கூட இல்லை, மற்ற எல்லாரும் என்னைப்போல எங்கோ திரைக்கு முன்னால். ஒரு லொட்டுக்கு அரை நிமிடம். 30 இல் தொடங்கியது, 50 வரை ஐந்து ஐந்தாக ஏறியது, நான் 55 அழுத்தினேன், யாரோ 60, நான் 65. எண்பதில் கை நடுங்கியது. 85 மற்றவர், 90 நான். பிறகு ஒரு நீண்ட மௌனம், எனக்கு நீண்டதாகப் பட்டது, உண்மையில் மூன்று விநாடி இருக்கலாம். சுத்தியல் விழுந்தது. அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "ஆம்ஸ்டர்டாமோ? எங்கட ஊருக்கோ?" என்று கேட்டுவிட்டு அவா விளக்கேற்றப் போய்விட்டா.

இனிக் காசுக் கணக்கு. புதிதாக வருபவர்கள் எல்லாரும் அடிபடுகிற இடம் இது. 90 என்பது சுத்தியல் விலை. அதற்கு மேல் வாங்குபவர் கட்டணம், பிரீமியம் என்பார்கள், என் கூடத்தில் 25 சதவீதம், 22.50. அந்தக் கட்டணத்துக்கு 20 சதவீதம் வற் வரி, 4.50. நேரலை ஏலம் நடக்கிற இணையத்தளத்துக்கு ஐந்து சதவீதம், அதற்கும் வற், சேர்த்து 5.40. ஆக 122.40. சில கூடங்களில் சொந்த இணையத்தளத்தில் கேட்டால் அந்தக் கடைசிக் கட்டணம் இல்லை, தேடிப் பாருங்கள். அப்படியே 90 ஐ 122 ஆக்கிய பிறகு தபால் செலவு. இந்த ஊர்க் கூடங்கள் அநேகமாகத் தாங்களே கட்டி அனுப்ப மாட்டார்கள், பக்கத்தில் உள்ள பொதி கட்டும் கம்பனியின் தொலைபேசி இலக்கத்தைத் தருவார்கள். யாழ்ப்பாணத்துக்கு நேரே அனுப்பக் கேட்டேன், தாளின் விலையில் முக்கால் பங்கு சொன்னார்கள். ஹரோவில் இருக்கிற பெரியம்மாவின் மகள், என் அக்காவின் வீட்டு விலாசத்துக்கு 25 பவுணில் முடிந்தது. அவா நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது கையில் கொண்டுவந்தா. மொத்தம் 147.40. பவுணுக்கு 400 ரூபாய் என்று பிடித்தால் 59 ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. நான் எப்போதும் இப்படித்தான் பின்னால் இருந்து கணக்குப் போடுகிறேன்: கையில் 150 இருந்தால் திரையில் 90 க்கு மேல் அழுத்தக்கூடாது. காசு கட்டியதும் அக்காவின் கார்ட்டில்தான், இங்கத்தைய கார்ட்டோடு மல்லுக்கட்ட எனக்குப் பொறுமை இருக்கவில்லை. வெளிநாட்டவர் என்றால் கடவுச்சீட்டுப் பிரதியும் முற்பணமும் கேட்கிற கூடங்கள் இருக்கின்றன, அதனாலும் அங்கே ஒரு உறவு இருப்பது பெரிய உதவி. ஏலக்கூடத்தின் பற்றுச்சீட்டைப் பொருளோடு சேர்த்தே வைத்துக்கொள்ளச் சொன்னேன், சுங்கத்தில் கேட்டால் அதுதான் பேசும்.

தாள் கைக்கு வந்த அன்று அதை வடக்கு ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். ஏறக்குறைய ஒரு அங்குல இடைவெளியில் நிமிர்ந்த கோடுகள், அவற்றுக்குக் குறுக்கே மயிர்போல நெருக்கமான கோடுகள், பழைய காலத்தில் கம்பிச் சல்லடையில் கடதாசி வார்த்த அடையாளம். விரலால் தடவினால் தகட்டு ஓரம் ஒரு மெல்லிய படிபோலத் தட்டுப்பட்டது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் மையில் புள்ளி இல்லை, முழுக்கோடு. இப்போதைய அச்சுப் பிரதி என்றால் கோடெல்லாம் புள்ளி புள்ளியாக உடையும். கடலில் ஒரு பாய்க்கப்பல் கீறியிருந்தார்கள். ஆம்ஸ்டர்டாம் தீவின் வடக்குக் கரையில் நுணுக்கமாகப் புள்ளி வைத்து ஆழமில்லாத கடல் என்று காட்டியிருந்தார்கள். இப்போது ஆட்கள் கசூரினாக் கடற்கரைக்குக் குளிக்கப் போகிற பக்கம் அது. அங்கே இடுப்பளவு தண்ணீரில் எவ்வளவு தூரம் நடந்து போகலாம் என்று போனவர்களுக்குத் தெரியும். முந்நூற்றைம்பது வருடத்துக்கு முன்னர் யாரோ ஒருவர் ஈயக்குண்டு விட்டு அளந்திருக்கிறார்.

ஒரு கவலையையும் சொல்லிவிடுகிறேன். இப்படியான தாள் தனியாக விற்பனைக்கு வருகிறது என்றால் யாரோ ஒரு புத்தகத்தைப் பிரித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். முழுப் புத்தகத்தை விடப் படங்களைத் தனித்தனியே வெட்டி விற்றால் கூடக் காசு என்பதால் பல காலமாக இது நடக்கிறது. 1981 இல் நூலகம் எரிந்து 97 ஆயிரம் புத்தகம் சாம்பலான ஊரில் பிறந்தவன் நான், புத்தகத்தில் கத்தி வைப்பதை நினைக்க வயிறு பதைக்கிறது. பழைய தையல் துவாரமும் பழைய ஒட்டும் உள்ள, எப்போதோ கழன்ற தாள்களைத்தான் கேட்கிறேன். வெட்டு விளிம்பு புதிதாக வெள்ளையாக இருந்தால் எவ்வளவு ஆசையாக இருந்தாலும் விட்டுவிடுகிறேன்.

இரண்டாவது லொட்டில்தான் வினை. 'ஐந்து இந்தியப் பித்தளைப் பாத்திரங்கள், அதில் ஒன்று எண்ணெய் ஊற்றி.' படத்தில் பின்வரிசையில் பாதி மறைந்து நின்ற அந்த எண்ணெய் ஊற்றியைப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. மூக்குப்பேணி! வயிறு பருத்து, கழுத்து ஒடுங்கி, பக்கத்தில் ஒரு குட்டி மூக்கு. வாய் படாமல் அண்ணாந்து தண்ணீர் குடிக்கிற எங்கள் பேணி. வீட்டுக்கு வந்தவர்களுக்குச் செம்பும் மூக்குப்பேணியுமாகத் தண்ணீர் வைத்த காலம் அம்மம்மாவோடு போய்விட்டது. எங்கள் வீட்டிலும் நான்கு இருந்தன. 1995 ஒக்டோபரில் ஊரோடு சாவகச்சேரிப் பக்கம் இடம்பெயர்ந்தபோது கையில் எடுத்தது உடுப்பும் உறுதிப் பத்திரமும்தான், திரும்பி வந்தபோது பித்தளை என்று ஒரு கரண்டி கூட வீட்டில் இல்லை. பிறகு போருக்கு இடையில் தெற்குக்குப் பாதை திறந்த காலங்களில் வியாபாரிகள் லொறியில் வந்து படலையடியில் நின்று பழைய கதவு, தூண், பெட்டகம், படிக்கம், தூக்குவிளக்கு எல்லாம் கேட்டு வாங்கிப் போனார்கள். ஊரில் மிச்சம் இருந்த பித்தளையைக் கிலோக் கணக்கில் நிறுத்தே கொடுத்தோம். எனவே இந்தப் பேணியைக் கண்டதும் எனக்கு நிதானம் போய்விட்டது. கொண்டிஷன் ரிப்போர்ட் கேட்கவில்லை. முதல் தடவை நான்கு கேள்வி கேட்ட அதே நான், இரண்டாம் தடவை ஒன்றும் கேட்கவில்லை. 55 பவுணுக்கு எடுத்தேன், கட்டணங்களோடு 74.80.

அக்கா பொதியைப் பிரித்து வட்ஸ்அப்பில் அழைத்தா. "தம்பி, இதுக்குள்ள என்ன கிடக்கெண்டு தெரியாமலே எழுபத்தஞ்சு பவுண் குடுத்தனியோ?" இரண்டு பாத்திரம் சுற்றுலாக் கடைச் சாமான், போன தலைமுறையில் விற்ற வகை. ஒன்று பூச்சாடி. ஒன்று நல்ல செம்பு, அதில் குறை இல்லை. மூக்குப்பேணியின் அடியில் ஓட்டை விழுந்து யாரோ ஈயப்பற்று வைத்திருந்தார்கள், ஏலக்கூடம் போட்ட மூன்று படத்தில் ஒன்றிலும் அடி தெரியவில்லை. அதைவிட, பொதி கட்டிய கம்பனிக்காரர் ஐந்தையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, வெளியே மட்டும் குமிழ்த் தாள் சுற்றி அனுப்பியிருந்தார்கள். மூக்கு பக்கவாட்டில் வளைந்து போயிருந்தது. ஏலக்கூடத்துக்கு எழுதினேன். மரியாதையாகப் பதில் வந்தது: பொருள் இருந்தபடி விற்கப்படுகிறது, கேட்டிருந்தால் அறிக்கை தந்திருப்போம், பொதி கட்டுவது எங்கள் பொறுப்பு இல்லை. விதிமுறையில் அப்படித்தான் இருக்கிறது, வாசித்துப் பார்த்தேன். ஆனாலும் ஓட்டை உள்ள பாத்திரத்தின் அடியைப் படம் பிடிக்காமல் விற்றதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது. பொதிக் கம்பனியோ இரண்டு மின்னஞ்சலுக்கும் பதிலே போடவில்லை.

பேணி கப்பல் பொதியில் அரிசிமாச் சல்லடைக்கும் பழைய உடுப்புக்கும் நடுவில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. அதன் விளிம்புக்குக் கீழே, உளியால் புள்ளி புள்ளியாகக் குத்தி, இரண்டு தமிழ் எழுத்து. எங்கள் வீடுகளில் கலியாண வீட்டுக்கு இரவல் கொடுத்தால் மாறுபடக் கூடாது என்று முதலெழுத்தைக் குத்தி வைப்போமே, அது. முதல் எழுத்து 'க'. இரண்டாவதை யாரோ விற்பதற்கு முன் மினுக்க வேண்டும் என்று தேய்த்த தேய்ப்பில் பாதிப் புள்ளிகள் அழிந்து 'வே' ஆ 'வெ' ஆ என்று பிடிபடவில்லை. சாய்த்துப் பிடித்து, டோர்ச் வெளிச்சத்தை ஓரத்தில் இருந்து அடித்து, அம்மாவும் நானும் ஒரு மணித்தியாலம் பார்த்தோம். மினுக்கிய பித்தளை விற்கும் என்று நினைத்து எழுத்தை அழித்திருக்கிறார்கள். பழைய பித்தளை வைத்திருப்பவர்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், புளி போட்டுக் கழுவுங்கள், அதற்கு மேல் ஒன்றும் செய்யாதீர்கள்.

விவரங்களில் வருகிற சொற்களைக் கொஞ்சம் தெரிந்து வைத்திருப்பது காசை மிச்சப்படுத்தும். ஏ.எஃப். என்றால் கிடைத்த நிலையிலேயே, அதாவது பழுது உண்டு. ஓவியத்தில் 'ஆஃப்டர்' என்று ஒரு பெயருக்கு முன்னால் போட்டிருந்தால் அந்த ஓவியரைப் பார்த்து வேறொருவர் வரைந்த பிரதி. 'அட்ரிபியூட்டட்' என்றால் அவராக இருக்கலாம் என்பது கூடத்தின் அபிப்பிராயம். கையொப்பம் 'இருக்கிறது' என்று மட்டும் எழுதி, அவர் 'இட்டது' என்று எழுதாவிட்டால் கூடத்துக்கே அதில் நம்பிக்கை இல்லை. எங்கள் ஆட்கள் கட்டாயம் அறிய வேண்டியது 'வைட் மெட்டல்', 'யெலோ மெட்டல்' என்ற இரண்டும். அங்கத்தைய 1973 ஆம் ஆண்டு முத்திரைச் சட்டப்படி, தூய்மையைச் சோதித்துக் குத்துகிற முத்திரை இல்லாத பொருளைப் பொதுவாக வெள்ளி என்றோ பொன் என்றோ சொல்லி விற்க முடியாது. பாரம் மிகக் குறைந்தவற்றுக்கும், 1950 க்கு முந்தியதாகத் தரம் காட்டக்கூடியவற்றுக்கும் விலக்கு உண்டு. யாழ்ப்பாணத்துப் பத்தர் செய்த வெள்ளிச் சந்தனக் கிண்ணத்தில் இங்கிலாந்து முத்திரை எங்கிருந்து வரும்? எனவே அது 'வெள்ளை உலோகம்' ஆகிவிடும். எங்கள் இருபத்திரண்டு கரட் அட்டியல் 'மஞ்சள் உலோகம்'. வாங்குபவருக்கு இது வாய்ப்பு. தேடும்போது வெள்ளி, இலங்கை என்று தேடினால் ஒன்றும் வராது, வெள்ளை உலோகம், இந்தியா என்று தேடுங்கள். இலங்கைப் பொருள் முக்கால்வாசி இந்தியா என்றுதான் பதிவாகிறது.

விற்பவருக்கு இதே விஷயம் அடி. அக்கா பெரியம்மாவின் சாமானில் ஒரு சோடிக் குத்துவிளக்கையும் ஒரு வெள்ளிக் கிண்ணத்தையும் அங்கே ஒரு கூடத்தில் கொடுத்தா. அவாவின் பிள்ளைகளுக்கு வேண்டாம், பிளாட்டில் வைக்க இடமில்லை. விளக்கு 40, கிண்ணம் 65, மொத்தம் 105 பவுண். விற்பவரிடம் 15 சதவீதக் கொமிஷன், அதற்கு வற், 18.90. படம் எடுத்துப் பதிவு செய்ய லொட்டுக்கு 3 பவுண், அதற்கும் வற், இரண்டுக்கும் 7.20. கையில் கிடைத்தது 78.90, அதுவும் ஒரு மாதம் கழித்து. இதற்குக் கீழே விற்கக்கூடாது என்று அடிவிலை வைக்கக் கேட்டதற்கு இவ்வளவு சின்ன லொட்டுக்கு அடிவிலை வைப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். கணக்கில் பிழை இல்லை, எல்லாம் கையெழுத்து வைத்த தாளில் இருந்தது. எனக்குக் கோபம் வேறு. 'ஒரு சோடி இந்திய விளக்கு' என்று எழுதி விற்றார்கள். எந்த ஊர், யார் வீடு, எப்போது வாங்கியது என்று அக்காவை யாரும் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை. அந்த விளக்கு வட்டுக்கோட்டையில் பெரியம்மாவின் கலியாணத்துக்கு வாங்கியது, அவா எண்பதுகளில் உடுப்புப் பெட்டியில் சேலைக்குள் சுற்றிக்கொண்டு போனது. இதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் விலை கூடியிருக்கும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் வாங்கியவர் கையில் அந்தத் தாளும் போயிருக்கும். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் யாராவது இப்படி விற்க யோசித்தால், ஊர், வீடு, வருடம் மூன்றையும் எழுதி, முடிந்தால் அந்தப் பொருள் தெரிகிற பழைய குடும்பப் படத்தின் பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள். நல்ல கூடம் என்றால் அதை விவரத்தில் சேர்ப்பார்கள். சேர்க்க மாட்டோம் என்றால் வேறு கூடம் பாருங்கள். யானைத்தந்தம் பதித்த பெட்டி ஏதும் இருந்தால் அதைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கே 2022 ஜூன் முதல் தந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது, பழைய தந்தமும் சில விதிவிலக்குகளைத் தவிர விற்கத் தடை.

இங்கே இருக்கிற சிலர் இதை வாசித்துவிட்டு, அப்படியென்றால் எங்கள் வீட்டு ஏட்டுச்சுவடியை அங்கே அனுப்பி விற்கலாமே என்று கேட்பார்கள், ஏற்கெனவே ஒருவர் கேட்டார். கூடாது. 1940 ஆம் ஆண்டு தொல்பொருட் சட்டம் இருக்கிறது, 1988 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கப் பண்பாட்டுச் சொத்துச் சட்டம் இருக்கிறது, அனுமதிப்பத்திரம் இல்லாமல் இப்படியான பொருளை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஏடு போனால் போனதுதான். நான் இவ்வளவு காசும் நேரமும் செலவழித்து ஒரு தாளையும் ஒரு ஓட்டைப் பேணியையும் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறேன், நீங்கள் அங்கே அனுப்ப வேண்டாம்.

பேணியின் மூக்கை நிமிர்த்த ஒரு பித்தளை வேலைக்காரரிடம் கொண்டுபோனேன். வயதானவர். கையில் வாங்கியதும் மூக்கைப் பார்க்கவில்லை, முதலில் அடியைத் திருப்பி நகத்தால் தட்டிச் சத்தத்தைக் கேட்டார். "இது உருக்கி வார்த்தது. தகடு இல்லை. நெருப்புக் காட்டினால் வெடிக்கும், விடும் தம்பி" என்றார். அந்த வளைந்த மூக்கோடுதான் இப்போது அது சாமியறைத் தட்டில் இருக்கிறது. வளைந்தாலும் தண்ணீர் நேரே விழுகிறது.

அந்தக் கூடத்தோடு நான் கோபித்துக்கொண்டு போகவில்லை. சண்டை மின்னஞ்சலுக்குப் பிறகு இன்னொன்று எழுதினேன். எண்ணெய் ஊற்றி என்று நீங்கள் எழுதியது தண்ணீர் குடிக்கிற பாத்திரம், பெயர் மூக்குப்பேணி, இலங்கையின் வடக்கில் யாழ்ப்பாணத்து வீடுகளில் இருந்தது, எழுத்துக் குத்தியிருந்தால் அதைத் தேய்க்காதீர்கள், படம் எடுத்துப் போடுங்கள் என்று எழுதி, அம்மா அண்ணாந்து தண்ணீர் குடிக்கிற ஒரு படத்தையும் சேர்த்து அனுப்பினேன். தாளை ஜன்னலில் பிடித்துக் காட்டிய அதே பெண்தான் நன்றி சொல்லி எழுதினார்.

எட்டு மாதம் கழித்து இன்னொன்று வந்தது. தனி லொட். மினுக்காமல் கறுத்துப்போய், அடியையும் சேர்த்து ஆறு படம், விளிம்பில் இருந்த எழுத்துக்குத் தனியாகக் கிட்டத்தில் ஒன்று. விவரம்: 'மூக்குப்பேணி, தண்ணீர் அருந்தும் பாத்திரம், யாழ்ப்பாணம், இலங்கை, விளிம்பில் தமிழ் முதலெழுத்துகள்.' எங்கள் சொல்லை அப்படியே ஆங்கில எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த மாதம் நான் 60 பவுண் வரைதான் போகலாம் என்று வைத்திருந்தேன். 75 க்குப் போய்விட்டது. யார் எடுத்தார்களோ தெரியாது, அக்கா கனடாவில் இருந்து யாரும் கேட்டிருப்பார்கள் என்கிறா. விவரம் இருந்த பக்கத்தைப் படம் எடுத்து அம்மாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஆங்கில எழுத்தில் இருந்த மூக்குப்பேணியை எழுத்துக்கூட்டி இரண்டு தரம் வாசித்தா.